ஒத்தப்பனைக் கருப்பும் ஒன்பது குழியும்

எப்படியாவது தோற்றாக வேண்டும். ஆனால் எப்படித் தோற்பது என்பதுதான் நல்லகாமனுக்குப் பிடிபடவில்லை.

ஜெயிப்பதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும், சரி. தோற்பதற்கும் அதே ஆட்டம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று அவன் அதுவரை யோசித்ததே இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் மில் மானேஜர் ஹாப்வுட் துரை அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை காலையிலே நீ என்கூட கோல்ப் ஆடுறே" என்றார். அவ்வளவுதான். வழக்கமாக அவரோடு ஆடுகிற டாக்டருக்கு முதுகுப் பிடிப்பாம்.

நல்லகாமன் எழுமலைக்காரன். மெட்ரிகுலேஷன் தேறி, மதுரை மில் ஒன்றில் பதினோரு வருஷமாகக் குமாஸ்தா உத்தியோகம். கோல்ப் ஆட்டத்தை அவன் ஒரே ஒரு தடவை, அழகர்கோவில் போகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். தொப்பி போட்ட நாலு பேர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள், பாவம் என்றுதான் அப்போது நினைத்தான்.

அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகும் தலைமைக் குமாஸ்தா ஜெயக்கொடியிடம் போய் நின்றான்.

"அண்ணே, எனக்கு அந்த ஆட்டத்துல ஆனா ஆவன்னா தெரியாது."

"தெரியாம இருக்கதுதான்டா நல்லது. பந்த மட்டையால தட்டித் தட்டிக் கொடி நட்ட குழியில விழுத்தாட்டணும். கொறஞ்ச தட்டுல விழுத்தாட்டுனவன் ஜெயிச்சவன். ஒம்போது குழி. அம்புட்டுத்தான் ஆட்டம். நீ தோத்துரு."

"தோத்தாப் போதுமாண்ணே?"

"தோத்தே ஆகணும். என் நாற்காலி யாருக்குன்னு திங்கக்கிழமை தொரை உத்தரவு போடப் போறாரு. ஒன் பேருதான் மேல இருக்கு. மூணு வருசத்துக்கு முன்னாடி எவனோ ஒரு திருச்சிக்காரன் தொரைய ஜெயிச்சுப்புட்டான். புல்லு சரியில்லன்னு சொல்லி, அங்க புல்லு வெட்டுற அம்புட்டுப் பேரையும் அன்னைக்கே வெரட்டி விட்டுட்டாரு. எட்டு நாள் கழிச்சுத்தான் திரும்பச் சேத்தாரு. அதுக்கப்புறம் இன்னவரைக்கும் தொரை தோத்ததே கெடையாது. நீ போயி அதக் கெடுத்து வச்சிராத."

கிளம்பும்போது ஜெயக்கொடி இன்னொன்றும் சொன்னார். "ஆட்டம் முடிஞ்சதும் அங்க ஒரு பொஸ்தகத்த நீட்டுவாக. வந்தவுக எல்லாரும் மைதானத்தப் பத்தி நாலு வரி எழுதணும். ஒன் இங்கிலீசு எம்புட்டு இருக்குன்னு தொரை அதுலதான் பாப்பாரு."

தோற்கவும் வேண்டும், புகழவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நாற்காலி. நல்லகாமன் அன்றைக்கு ஆனையூருக்கு வீடு திரும்பும்போது அந்த நாற்காலியின் கைப்பிடியில் ஒரு விரிசல் இருப்பதும், அதைச் சரி செய்யவேண்டும் என்பதும்கூட அவன் மனசில் வந்துவிட்டன.

வீட்டு முற்றத்தில் குடைக்கம்பால் ஓர் எலுமிச்சம்பழத்தை அடித்துப் பழகினான். முதல் அடியில் பழம் அசையவே இல்லை. இரண்டாவது அடியில் தண்ணீர்ப் பானை போயிற்று. அவன் மனைவி செல்லக்கிளி உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்த மைதானம் எங்கிட்டு இருக்கு?"

"அழகர்கோவில் ரோட்டுல. ஒத்தப்பனைக் கண்மாய்க்கு மேக்கால."

"ஒத்தப்பனைக் கருப்பு இருக்க எடமா? அப்ப எதுக்கு எலுமிச்சம்பழத்தப் போட்டு அடிக்கிறீக? ஒரு சுருட்டப் பத்த வச்சு, ஒரு கெடாவ நேந்துக்கிட்டு ஆடப் போங்க. துடியான சாமி. நெனச்சது நடக்கும்."

அது நல்லகாமனுக்குச் சரியாகப் பட்டது. தெரியாத ஆட்டத்தை நம்புவதைவிடத் தெரிந்த சாமியை நம்புவது மேல்தானே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் சைக்கிளில் போய்ச் சேர்ந்தான். மைதானம் ஒரு ஜமீன்தார் பொதுவுக்கு விட்டுக்கொடுத்த மேய்ச்சல் நிலம். நாலணா கொடுத்தால் யாரும் ஆடலாம் என்று வாசலில் பலகை உண்டு. புல் வெட்டுகிறவர்களுக்குக் கூலி கொடுப்பது மட்டும் துரை. வடக்கே அழகர்மலை, கிழக்கே தாமரை பூத்த கண்மாய், நடுவில் பச்சைப் புல், ஓரத்தில் பனைகள் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொக்கிப்போய்ப் பேசுவார்கள். அன்றைக்கு மலையும் இல்லை, கண்மாயும் இல்லை. மார்கழிப் பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது. பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை.

கூரைக் கொட்டகையில் மேஜைமேல் அந்தப் புத்தகம் கிடந்தது. என்ன மாதிரி எழுதவேண்டும் என்று தெரிந்துகொள்ள நல்லகாமன் அதைப் புரட்டினான். எல்லாம் இங்கிலீஷ்தான்.

"இப்படிப்பட்ட அழகை நான் வேறெங்கும் கண்டதில்லை. நான்காவது குழிக்கு அடித்த பந்தையும் அதன்பின் கண்டதில்லை." இது ஒரு ஜட்ஜ்.

"மலைக்காட்சி அபாரம். ஆனால் யாரும் இல்லாத இடத்தில் யாரோ இருமுகிறார்கள்." இது ஒரு பாதிரியார்.

"ஹாப்வுட் ஒரு மேதை. பனியில் கண் தெரியாத நாளில்தான் இன்னும் நன்றாக ஆடுகிறார். நான் மறுபடி வருவதாக இல்லை." இது ஒரு பட்டாளத்து அதிகாரி.

நல்லகாமனுக்கு முதுகுத்தண்டில் லேசாகக் குளிர் ஏறியது. பனிதான் காரணம் என்று சொல்லிக்கொண்டு கருப்பு கோயிலைத் தேடிப் போனான்.

கோயில் என்றால் கட்டடம் இல்லை. ஒற்றைப் பனை, அதன் அடியில் நட்டுவைத்த ஆளுயர அரிவாள், மண்குதிரை ஒன்று, குறுக்கே கயிற்றில் கட்டிய மணிகள். பூசாரி மொக்கையன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார். மைதானத்துக் காவலும் அவர்தான்.

"தொரையோட ஆட்டமா தம்பி இன்னைக்கு?"

"ஆமாண்ணே. சாமிக்கு ஒண்ணு நேந்துக்கிறலாம்னு வந்தேன்."

மொக்கையன் சுறுசுறுப்பாக எழுந்தார். "சுருட்டப் பத்த வச்சு அருவா முன்னாடி வைங்க. மனசுல நெனச்ச காரியத்த மட்டும் வெளிய சொல்லிரக் கூடாது, பலிக்காது. ஆனா குடுக்கிறத வாய்விட்டுச் சொல்லணும். கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க, இந்தச் சாமிக்குக் காது லேசா மந்தம்."

நல்லகாமன் கண்ணை மூடினான். 'கருப்பா, நான் துரையிடம் தோற்க வேண்டும். ஒன்பது குழியிலும் தோற்க வேண்டும்' என்று மனசுக்குள் சொன்னான். பிறகு உரக்க, "நெனச்சது முடிஞ்சா ஒரு கெடா!" என்றான்.

பனிக்குள்ளிருந்து மணி ஒன்று 'டிங்' என்றது. காற்றே இல்லை. அவன் உடம்பு சிலிர்த்தது. தைரியமாகத் திரும்பி வந்தான்.

துரை ஏழு மணிக்கு வந்தார். இரண்டு பேருடைய மட்டைப் பைகளையும் நல்லகாமனே தூக்கிக்கொண்டான். துரையின் பந்தில் நீல மையால் ஒரு புள்ளி இருந்தது. இவனுக்குக் கொடுத்ததில் ஒன்றும் இல்லை.

"பயப்படாதே மேன்" என்றார் துரை. பதினைந்து வருஷ மதுரைவாசத்தில் அவர் தமிழ் பேசக் கற்றிருந்தார், தமிழ்தான் அதற்கு இன்னும் பழகவில்லை. "என் பந்து எப்பவும் குழி பக்கத்துலே போயி உக்காரும். நீ அதைப் பாத்துக் கத்துக்கோ."

துரை அடித்தார். பந்து பனிக்குள் போயிற்று. நல்லகாமன் கண்ணை மூடிக்கொண்டு, கொடி இருக்கும் திசைக்கு நேர் குறுக்கே வீசினான். மட்டை எப்படியோ பந்தில் பட்டுவிட்டது. 'சரி, தொலைஞ்சது சனியன்' என்று நிம்மதியாக மூச்சுவிட்டான்.

துரையின் பந்து ஒரு கள்ளிப் புதருக்குள் கிடந்தது. "இங்கே எப்படி வந்துச்சு?" என்று துரை வியந்தார். அதை வெளியே எடுத்துக் கொடிவரை கொண்டுபோக ஒன்பது தட்டு ஆயிற்று. குழியில் விழுத்தாட்டக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழிக்குள் ஏற்கனவே ஒரு பந்து இருந்தது. புள்ளி இல்லாத பந்து.

"ஒரே அடி?" என்றார் துரை.

"தப்பா விழுந்திருச்சு சார்."

"லக். புதுசா ஆடுற ஆளுக்கு அப்படி வரும்" என்று துரை சிரித்தார். பெருந்தன்மையான சிரிப்புதான். ஒரு குழிக்கு மட்டும் போதுமான பெருந்தன்மை என்பது நல்லகாமனுக்குத் தெரிந்தது.

இரண்டாவது குழிக்கு அவன் நிதானமாக யோசித்தான். வலது பக்கம் கண்மாய். கார்த்திகை மழையில் நிறைந்து கிடக்கிறது. அந்தப் பக்கமாகவே திரும்பி நின்று ஓங்கி அடித்தான். பனிக்குள்ளிருந்து 'தொபுக்' என்று சத்தம் வந்தது. அப்படி ஒரு இனிமையான சத்தத்தை அவன் அதுவரை கேட்டதில்லை.

"தண்ணி! பேட் லக்" என்றார் துரை, முகம் மலர்ந்து.

துரை பதினோரு தட்டில் கொடிக்கு வந்து சேர்ந்தார். குழிக்குள் பந்து இருந்தது. நல்லகாமன் கையை விட்டு எடுத்தான். ஈரமாக இருந்தது. அதில் பாசி ஒட்டிக்கொண்டிருந்தது.

இருவரும் அந்தப் பாசியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் எங்கோ யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி இருந்தது. நல்லகாமன் சுற்றிலும் பார்த்தான். பனிதான்.

மூன்றாவது குழிக்கு அவன் பந்தைப் பனங்கூட்டத்துக்குள் அடித்தான். அது மரத்தில் பட்ட சத்தம் கேட்டது, திரும்பி வந்து விழுந்த சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு புல்லில் சரசரவென்று எதுவோ ஓடியது. கொடியருகே போனபோது பந்து குழிக்குள் இருந்தது. இந்தத் தடவை அதில் திருநீறு அப்பியிருந்தது.

நல்லகாமன் பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கருப்பு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அவருக்கு என்ன கேட்டது? ஒரு கிடா போதாது என்று கோபமா? துரை தன் பந்தைத் தேடி அப்பால் போயிருந்தார். இவன் அரிவாள் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுக் கத்தினான்.

"கருப்பா! இன்னொரு கெடாவும் சேத்துக்க! நான் நெனச்சத மட்டும் முடிச்சுக் குடுத்துரு!"

பனிக்குள் எல்லா மணிகளும் ஒரே நேரத்தில் குலுங்கின.

அதன்பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. அதுவரை துரையின் பந்து வெறுமனே தப்பான இடங்களில் கிடந்தது. நான்காவது குழிக்கு அவர் அடித்த பந்து காணாமலே போயிற்று. கால்மணி நேரம் தேடினார்கள். துரைதான் கடைசியில் கண்டுபிடித்தார். மண்குதிரையின் தலைமேல், இரண்டு காதுகளுக்கும் நடுவில், நீலப்புள்ளி முன்பக்கம் பார்த்தபடி அது உட்கார்ந்திருந்தது.

துரை தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"நல்லகாமன், குதிரை மேலே பந்து எப்படி ஏறும்?"

"தெரியல சார்."

நான்காவது குழியில் இவன் பந்து காத்திருந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஐந்தாவது குழிக்கு நல்லகாமன் ஒரு தந்திரம் செய்தான். துரை அந்தப் பக்கம் திரும்பிய சமயம் பந்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். காலி இடத்தில் மட்டையை விசையாக வீசி, "போயிருச்சு சார்!" என்றான். பந்தே இல்லாவிட்டால் எது போய்க் குழியில் விழும்? பதினோரு வருஷக் குமாஸ்தா மூளை. அதில் ஓட்டை இருக்க வழியில்லை.

கொடியை நெருங்கும்போது அவனுக்குத் தோற்கும் சந்தோஷம் வரத் தொடங்கியிருந்தது. குனிந்து பார்த்தான். குழிக்குள் ஒரு வெள்ளைப் பந்து. புள்ளி இல்லை. மெதுவாகத் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அங்கேயும் ஒரு பந்து இருந்தது.

பயம் என்றால் அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. அந்தக் குளிரிலும் காதோரம் வியர்த்தது. எழுமலையில் எத்தனையோ சாமியாட்டம் பார்த்தவன்தான், ஆனால் சாமி இவ்வளவு பக்கத்தில் நின்று வேலை செய்து அவன் பார்த்ததில்லை.

துரையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். பனியோடு கலந்து சுருட்டு வாடை வந்தது. நல்ல காட்டமான சுருட்டு.

"யாரு அது? இங்கே யாரு சுருட்டுக் குடிக்கிறது?"

"கருப்பு, சார்."

"எந்தக் கருப்பு? நம்ப மில்லுலே வேலை பாக்குறானா?"

"இல்ல சார். சாமி."

துரை மறுபடி மூக்கை உறிஞ்சினார். "சாமிக்கு யாரு சுருட்டுக் குடுத்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அரிவாளுக்கு இருபதடி தூரத்தில் நின்றுகொண்டு எவன் பொய் சொல்வான்?

"நான்தான் சார். காலையில வச்சேன்."

துரையின் கண்கள் சுருங்கின. மூன்று வருஷமாகத் தோற்காத மனிதர், நான்கு குழி தோற்று ஐந்தாவது குழியும் போய், தன் எதிரில் நிற்கும் குமாஸ்தாவை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். தன் நாற்காலி இரண்டடி பின்னால் நகர்வது நல்லகாமனுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

ஆறாவது குழியும் போயிற்று. ஏழாவது குழிக்குப் பந்தை நேர் பின்பக்கமாக, ரோட்டைப் பார்த்து அடித்தான். ஒரு மாட்டுவண்டிக்காரன் "எவன்டா அவன்!" என்று கூவியது கேட்டது. பந்து குழியில் இருந்தது. கொஞ்சம் வைக்கோலும் கூட இருந்தது. நல்லகாமன் அழாத குறையாக, "மூணு கெடா! மூணாக்கூட வச்சுக்க கருப்பா, நெனச்சத நடத்து!" என்று துரை பக்கத்தில் நிற்பதையும் மறந்து கத்திவிட்டான். பனிக்குள் ஒரு பெண்பிள்ளை சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. துரை சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டாவது குழிவரை அந்தப் பிடியை விடவில்லை.

ஒன்பதாவது குழிக்கு வந்ததும் நல்லகாமன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தான்.

"கணுக்கால் பிசகிருச்சு சார்! என்னால ஆட முடியாது. நான் தோத்துட்டேன். எல்லாக் குழியிலயும் தோத்ததா வச்சுக்கங்க சார்!"

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. வெள்ளைக்காரன் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வான், நொண்டியிடமிருந்து வெற்றியை மட்டும் வாங்கமாட்டான். "நோ! படுத்துக்கிட்டே அடி!"

படுத்தபடியே மட்டையின் நுனியால் பந்தை லேசாகத் தொட்டான். அது இரண்டு முழம் உருண்டு பனிக்குள் மறைந்தது. கொடி எங்கோ இருநூறு கஜத்துக்கு அப்பால். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில், தகரக் குழிக்குள் பந்து விழும் 'டக்' சத்தம் தெளிவாகக் கேட்டது.

யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அவர்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிப் பனி விலகியது. அழகர்மலை நீலமாக எழுந்து நின்றது. கண்மாய் முழுக்கத் தாமரை. புல்லில் பனித்துளி மின்னிற்று. தூரத்தில் ஏழெட்டுப் பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு மும்முரமாகப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு அழகான இடத்தில் ஒரு மனிதனின் வாழ்க்கை இப்படி நாசமாகலாமா என்று நல்லகாமனுக்குத் தோன்றிற்று.

துரை புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினார். நல்லகாமன் இலக்கணப்பிழை இல்லாத இங்கிலீஷில் எழுதினான்.

"மலையும் நீரும் சேர்ந்த மிக ரம்மியமான இடம். புதிதாக வருகிறவருக்கு இவ்விடத்தில் கிடைக்கும் உதவி வார்த்தையில் அடங்காது."

துரை அதைப் படித்தார். மறுபடி படித்தார். புத்தகத்தை மூடினார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு உத்தரவு வந்தது. தலைமைக் குமாஸ்தா நாற்காலி பக்கத்து மேஜைக் குமாஸ்தா பால்பாண்டிக்கு. அவன் பந்து என்றால் பூப்பந்தைக்கூடத் தொட்டதில்லை. நல்லகாமனுக்குச் சாத்தூரில் பஞ்சுக் கிட்டங்கி. பொதிகளை எண்ணுகிற வேலை.

"ஒம்போதுக்கு ஒம்போதாடா?" என்று ஜெயக்கொடி தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணக்கூடவா விட்டுக்குடுக்கத் தோணல ஒனக்கு?"

நல்லகாமன் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு கிளம்பினான். வீட்டுக்குப் போனால் செல்லக்கிளி அதைவிட மோசம். நாற்காலி தன் புருஷனுக்குத்தான் என்று தெருவில் நாலு வீட்டில் அவள் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தாள். உத்தரவைக் கேட்டதும் திட்டக்கூட இல்லை, பேசாமல் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். திட்டியிருந்தால் அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பதினோரு வருஷம் குனிந்து எழுதிய முதுகு அன்று ராத்திரி முழுக்க வலித்துக்கொண்டே இருந்தது.

சாத்தூருக்குப் புறப்படுவதற்கு முன்னால் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். அடுத்த ஞாயிறு பளிச்சென்ற வெயிலில் ஒத்தப்பனைக்குப் போனான். இடம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. அடுப்புக்குக் கல் கூட்டியிருந்தார்கள். மூன்று பெரிய அண்டாக்கள் கவிழ்த்து வைத்திருந்தன. மொக்கையன் புது வேட்டியில், வாயில் சுருட்டோடு ஓடி வந்தார். அவர் பின்னாலேயே அவர் மனைவி சுந்தரம்மாள் தலையில் புல்லுக்கட்டோடு வந்தாள்.

"வாங்க தம்பி, வாங்க! ஊரே காத்துக் கெடக்கு. கெடா மூணும் வண்டியில வருதா?"

"கெடாவா?" நல்லகாமனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்குண்ணே கெடா? நெனச்ச காரியம் முடியலையே!"

"முடியலையா? ஒம்போது குழியும் ஒங்களுக்குத்தானய்யா விழுந்துச்சு?"

"அதத்தான் முடியலங்கறேன்! நாற்காலி போச்சு, சாத்தூருக்குத் தூக்கி அடிச்சுட்டாக! இந்தச் சாமிக்குக் காதுதான் மந்தம்னு நெனச்சேன், நெஞ்சும் மந்தமா? நான் நேந்துக்கிட்டது ஜெயிக்கிறதுக்கு இல்லண்ணே. தோக்குறதுக்கு!"

மொக்கையன் வாயிலிருந்த சுருட்டு கீழே விழுந்தது. அவர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். சுந்தரம்மாள் புல்லுக்கட்டைத் தொப்பென்று தரையில் போட்டுவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நல்லகாமனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லா இருக்குய்யா ஞாயம்! தோக்கணும்னு ஒத்த வார்த்த எங்க காதுல விழுற மாதிரிச் சொல்லியிருந்தா, மூணு வருசமாச் செய்யிற மாதிரி நாங்க பாட்டுக்குத் தொரை பந்தையே குழியில போட்டுட்டுப் போயிருப்போம்ல தம்பி!"